படம் வந்தது... பேர் வரலையே!

வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணி. தலைமாட்டில் இருக்கும் செல்போன் 'டிங்' என்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு எடுத்துப் பார்த்தால், ஊரிலிருந்து சித்தப்பா அனுப்பிய 'இனிய காலை வணக்கம்'. அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு படம். தாமரைக் குளத்துக்குள் நிற்கிற யானையின் காலை முதலை கவ்வியிருக்கிறது. யானை துதிக்கையைத் தூக்கிக் கதற, கருடன் மீது ஏறிக்கொண்டு பெருமாள் பறந்து வருகிறார். கஜேந்திர மோட்சம்!

இந்த மாதிரிப் படத்தை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? மளிகைக் கடை காலண்டரில், பாட்டி வீட்டுப் பூஜை அலமாரியில், டவுன் பஸ் டிரைவரின் தலைக்கு மேலே, இப்போது கைக்குள்ளே இருக்கிற செல்போனில். சரி, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. யானையைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால் உங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அந்த யானையை வரைந்தது யார்?

தெரியாதா? சங்கடப்படாதீர்கள். எனக்கும் ரொம்ப காலம் தெரியாது. தெரியாதது மட்டுமில்லை, அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் செய்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதில் மதுரைக்குத் தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில், கரிசல் பூமியில் இருக்கிறது. ஆனால், கதையை அங்கே ஆரம்பிக்க முடியாது. ரொம்பத் தூரம் பின்னாடி போக வேண்டும். அதற்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை. மதுரையில் டவுன் பஸ் ஏறினால் போதும், திருப்பரங்குன்றத்தில் இறங்கிவிடலாம்.

பரிபாடல் என்று ஒரு சங்க நூல் இருக்கிறது. 70 பாட்டுகள் இருந்ததாகச் சொல்கிறார்கள். முழுசாக நமக்குக் கிடைத்தவை 22. ஓலையில் கிடந்த அதை உ.வே.சாமிநாதையர் 1918-ல் அச்சேற்றினார். அதில் 19-வது பாட்டு, திருப்பரங்குன்றத்துக்குக் கும்பலாகக் கிளம்பிப் போகிற மதுரைக்காரர்களைப் பற்றியது. பாண்டியன் பரிவாரத்தோடு போகிறான். ஜனங்களும் போகிறார்கள். குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம். (இன்றைக்கும் எந்த மலைக்கோயிலில் இது இல்லை, சொல்லுங்கள்!) இன்னொரு பக்கம், ஒரு மண்டபத்துக்குள் நின்று சுவரை அண்ணாந்து பார்க்கிறவர்கள். அந்த இடத்துக்குப் பாட்டிலேயே பெயர் இருக்கிறது: எழுத்துநிலை மண்டபம். 'எழுத்து' என்றால் அன்றைக்கு ஓவியமும்தான். இன்றைய பாஷையில் சொன்னால், ஆர்ட் கேலரி!

அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? சிலருக்குப் படம் புரியவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார்கள். தெரிந்தவர் விளக்குகிறார். இது ரதி, இது மன்மதன் என்கிறார்கள். அகலிகை கதை வரைந்திருக்கிறது. பூனையாக மாறி நழுவப் பார்ப்பவன் இந்திரன், கோபமாக நிற்பவர் கௌதம முனிவர், கல்லாகிப் போனவள் அகலிகை என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் ஜனங்கள் கூட்டமாக நின்று ஓவியம் பார்த்து, ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டதைச் சொல்லும் ஆகப் பழைய காட்சிகளில் இது ஒன்று. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேலே ஆகிவிட்டது.

இனிமேல்தான் விஷயமே. இந்தப் பாட்டை எழுதியவர் யார்? நப்பண்ணனார். பெயர் இருக்கிறது. இசை அமைத்தவர்? மருத்துவன் நல்லச்சுதனார். அதுவும் இருக்கிறது! சங்க நூல்களில் பாட்டுக்குப் பாட்டு மியூசிக் டைரக்டர் பெயரோடு நமக்குக் கிடைத்திருப்பது பரிபாடல் மட்டும்தான். பாடியவருக்கும் பெயர், பண் அமைத்தவருக்கும் பெயர். சுவரில் இந்திரனைப் பூனையாக்கிய அந்த மகாராசனின் பெயர்? இல்லை. மண்டபத்தில் நின்றவர்கள் 'இது யார், அது யார்' என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். 'வரைந்தது யார்?' என்று கேட்டதாகப் பாட்டில் யாரும் இல்லை.

இத்தனைக்கும் மதுரையில் ஓவியர்களுக்கு மரியாதை இல்லாமல் இல்லை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், மதுரை வீதியில் இருக்கிற தொழில்காரர்களைச் சொல்லும்போது ஓவியர்களும் வருகிறார்கள். 'கண்ணுள் வினைஞர்' என்று எவ்வளவு அழகான பட்டம்! பார்க்கிறவன் கண்ணுக்குள்ளே போய் வேலை செய்கிறவன் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டம் இருக்கிறது. பட்டத்துக்குரிய ஒரே ஒரு ஆளின் பெயர்கூட இல்லை.

அப்படியே புதுக்கோட்டைப் பக்கம் வாருங்கள். சித்தன்னவாசல். குகைக் கோயிலின் கூரையில் தாமரைக் குளம். மீன், அன்னம், எருமை, யானை, பூப் பறிக்கிற ஆட்கள். தூணில் ஆடற்பெண்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நீங்களும் போயிருப்பீர்கள். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்கிற 'மதுரை ஆசிரியன்' உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முன்மண்டபமும் எடுப்பித்தார் என்கிறது அது. ஆஹா, நம்ம மதுரைக்காரர் ஒருவரின் பெயர் கிடைத்துவிட்டது! ஆனால், அவர் திருப்பணி செய்வித்த சமண ஆசிரியர். தூரிகை பிடித்தவரின் பெயரைக் கல்வெட்டு சொல்லவில்லை.

மதுரைக்கே திரும்புவோம். மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்துக் கூரை. திருக்கல்யாண ஓவியம். அதில் ராணி மங்கம்மாளும் பேரன் விஜயரங்க சொக்கநாதனும் நிற்கிறார்கள். 1689-லிருந்து 1706 வரை பேரனுக்காக நாட்டைக் கட்டி ஆண்ட அம்மாள் அவர். உருவங்களுக்குப் பக்கத்தில் இன்னார் இன்னார் என்று பெயர்கூட எழுதியிருக்கிறது. பாருங்கள், அந்தச் சுவரில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. ராணிக்கு இடம் இருந்தது, பேரனுக்கு இடம் இருந்தது. எழுதியவன் தன் பெயருக்கு மட்டும் ஒரு விரல்கடை இடம் எடுத்துக்கொள்ளவில்லை.

'அதெல்லாம் பக்தி சார், பெயர் போட்டுக்கொள்வது அகம்பாவம் என்று நினைத்திருப்பார்கள்' என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால், காசு கொடுத்தவர்களுக்கு அந்த அடக்கம் இருந்த மாதிரி தெரியவில்லையே!

*

பெயர் இல்லாமல் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த ஓவியம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவரிலிருந்து இறங்கியது. இங்கேயும் ஒரு மதுரைக்காரர் வருகிறார். அழகிரி நாயுடு. வெள்ளைக்காரர்கள் பாணியில் வரைவதில் தென்னாட்டிலேயே கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கி, திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் அரண்மனைவரை போனவர். அவரிடம் ராஜராஜ வர்மா என்றொருவர் படித்தார். அந்த ராஜராஜ வர்மாவின் மருமான்தான் உலகத்துக்கே தெரிந்த ராஜா ரவிவர்மா!

ரவிவர்மா எண்ணெய் வண்ணம் பழக ஆசைப்பட்டபோது, அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு சொல்லித்தர மறுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் வித்தையைக் காட்டிக்கொடுப்பது பிழைப்பைக் காட்டிக்கொடுப்பது மாதிரி. அப்படி மூடி வைத்திருந்த ஒரு விஷயத்தை, அதே ரவிவர்மா 1894-ல் பம்பாய் காட்கோபரில் அச்சகம் போட்டு ஊர் முழுக்க இறைத்துவிட்டார். அரண்மனைச் சுவரில் தொங்கிய லட்சுமியும் சரஸ்வதியும் கல்லில் அச்சாகி, குடிசைச் சுவருக்கு வந்து சேர்ந்தார்கள். கோயிலுக்குள் போக அனுமதி இல்லாதவன் வீட்டுக்கும் சாமி வந்தது. 1903-ல் அச்சகம் ஃப்ரிட்ஸ் ஷ்லெய்ஷர் என்ற ஜெர்மன்காரர் கைக்குப் போனது தனிக்கதை.

நமக்கு வேண்டியது தென்பாண்டிச் சீமை. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போகிறார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். தீப்பெட்டி செய்தால் லேபிள் வேண்டாமா? பட்டாசு செய்தால் அதற்கும் லேபிள் வேண்டுமே? லேபிள் அடிக்க அச்சு மெஷின் வந்தது. லேபிள் அடித்த ஊர், பிறகு காலண்டரும் அடிக்க ஆரம்பித்தது. மழை இல்லாத பூமி, காய்ந்த காற்று, காகிதத்துக்கும் மைக்கும் தோதான வெயில். இந்தியா முழுக்கச் சுவரில் மாட்டுகிற சாமிகள் சிவகாசியிலிருந்து பார்சல் பார்சலாகக் கிளம்பினார்கள்.

அந்தச் சாமிகளுக்கு முகம் வேண்டுமே, யார் கொடுத்தது?

சி.கொண்டைய ராஜு. 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். படித்தவர்கள் எல்லாரும் வேலை தேடிப் போக, இவர் திருவண்ணாமலைக்குப் போய் ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனி. ஊர் ஊராகப் போகிற கம்பெனிக்குப் படுதா எழுதுகிற வேலை. அரண்மனை சீன், காடு சீன், கைலாச சீன் என்று திரைச்சீலை திரைச்சீலையாக எழுதித் தள்ளியவர், 1940-களில் கோவில்பட்டியில் வந்து தங்கிவிட்டார். கூடவே சீடர்கள். டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம், டி.எஸ்.அருணாசலம், செண்பகராமன் என்று ஒரு படையே உண்டு.

கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் தூரம் கொஞ்சம்தான். இங்கே தூரிகை, அங்கே மெஷின். கஜேந்திர மோட்சம், கீதோபதேசம், மீனாட்சி கல்யாணம், ராமர் பட்டாபிஷேகம் என்று கொண்டைய ராஜு வரைந்ததெல்லாம் காலண்டராகி வீடு வீடாக நுழைந்தன. நாடகப் படுதாவில் பழகிய கை இல்லையா? அவர் படத்தில் சாமிக்குப் பின்னால் இருக்கிற மலை, மேகம், மண்டபம் எல்லாம் மேடை மாதிரியே இருக்கும். சாமி நேராக உங்களைப் பார்த்து நிற்கும், நாடகத்தில் ராஜபார்ட் சபையைப் பார்த்து நிற்பது போல. நீங்கள் 'மீனாட்சி' என்று கண்ணை மூடினால் உள்ளே ஒரு முகம் வருகிறதே, அது கருவறையில் பார்த்ததா, காலண்டரில் பார்த்ததா? யோசித்துப் பாருங்கள்!

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வித்தையை ஒளித்து வைத்த காலத்துக்கு அடுத்த தலைமுறைக்காரர் அவர். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட படங்கள் வந்திருக்கின்றன. தன் பெயருக்குப் பக்கத்தில் சீடனுக்கும் இடம் விட்ட மனுஷர்.

அப்பாடா, கடைசியில் ஓவியனின் பெயர் படத்தின் மூலைக்கு வந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். அவசரப்படாதீர்கள். காலண்டர் உலகத்தின் வழக்கம் இதுதான்: படத்துக்கு ஒரு தடவை காசு. அதன்பிறகு படம் அச்சகத்தின் சொத்து. லட்சக்கணக்கில் அடித்தாலும், நாலு வருஷம் கழித்துத் திரும்ப அடித்தாலும், வரைந்தவருக்குத் தனியாக எதுவும் வராது. இன்னொரு ஓவியர் அதைப் பார்த்து, புடவை நிறத்தை மட்டும் மாற்றி வரைவார். அதைப் பார்த்து இன்னொருவர். நகலுக்கு நகல் போகப் போக, மூலையில் இருந்த பெயர் தேய்ந்து, கடைசியில் கடைக்காரர் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் நிற்கும். 1976-ல் கொண்டைய ராஜு காலமானபோது, அவர் வரைந்த சாமிகள் எத்தனையோ ஆயிரம் வீடுகளில் இருந்தார்கள். அந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்?

அவரைப் பற்றி முக்கியமான கட்டுரை ஒன்றை எழுதியவர் யார் தெரியுமா? ஸ்டீபன் இங்க்லிஸ் என்ற கனடாக்காரர். மதுரை வட்டாரத்தில் மண்ணால் சாமி செய்கிற வேளார்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவர். 1980-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருடைய வேளார் புத்தகத்தை வெளியிட்டது. அவர்தான் பிறகு கோவில்பட்டி ஓவியரையும் எடுத்து எழுதினார். 1995-ல் அந்தக் கட்டுரை ஒரு புத்தகத்தில் வெளியானது. 2007-ல் கஜ்ரி ஜெயின் என்பவர் காலண்டர் கலையைப் பற்றி, சிவகாசியையும் சேர்த்து, தடிமனாக ஒரு புத்தகமே போட்டார். சுமதி ராமசாமி, கிறிஸ்டியன் ப்ரோஸியஸ், யூசுஃப் சயீத் என்று மூன்று பேர் 'தஸ்வீர் கர்' என்ற இணையக் காப்பகத்தை ஆரம்பித்து, குப்பைக்குப் போக வேண்டிய காலண்டர்களையும் லேபிள்களையும் கட்டுரைகளோடு உலகத்துக்குக் காட்டினார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கியதைக் கடல் தாண்டி இருந்தவர்கள் கண்டுபிடித்துச் சொல்ல, நாம் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து 'அட, இது நம்ம காலண்டர்!' என்கிறோம்.

*

'அதெல்லாம் பழங்கதை. இப்போதுதான் இன்டர்நெட் இருக்கிறதே, ஓவியன் தானே தன் படத்தைப் போட்டுக்கொள்ளலாமே?' என்கிறீர்களா? போடுகிறார்கள். போட்டபிறகு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியம் படித்தவர். மாட்டுக்கொட்டகை வாசலில் நிற்கிற பெண், வெயில் முகத்தில் விழ ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பெண் என்று நம்ம ஊர் கறுத்த முகங்களை அவர் எழுதினால், இது படமா, போட்டோவா என்று பட்டிமன்றமே நடக்கும். பத்திரிகைகளில் வந்தன. அப்புறம் இணையத்தில் பரவின, பரவின, அப்படிப் பரவின! கவிதைக்குப் பின்னால், பொங்கல் வாழ்த்துக்குப் பின்னால், தாவணி விளம்பரத்துக்குப் பின்னால் என்று எங்கே பார்த்தாலும் அவர் பெண்கள். பெரும்பாலும் பெயர் இல்லாமல். 2021 ஜூனில், நாற்பது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில், கொரோனா அவரைக் கொண்டுபோனது. அன்றைக்குத்தான் நிறையப் பேர், 'அடடா, நான் புரொஃபைல் படமாக வைத்திருந்தது இவர் வரைந்ததா?' என்று கேட்டார்கள். மனிதர் இருந்தபோது கேட்டிருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும்.

ஆகவே, இருக்கிறவர்களைப் பற்றிப் பேசுவோம். மதுரையில் 1953-ல் பிறந்த ட்ராட்ஸ்கி மருதுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாரப் பத்திரிகைகளில் கதைக்கு அவர் போட்ட கோடுகளைப் பார்த்து, கதையைவிடப் படம் பிரமாதம் என்று சொன்னவர்கள் உண்டு. நம் ஓவியர்கள் கம்ப்யூட்டரைக் கண்டு பயந்த நாளிலேயே அதை எடுத்து வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தவர் அவர். பத்திரிகை ஓவியர்கள் ஒரு மூலையில் கையெழுத்துப் போடுவார்கள் இல்லையா, அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நம்மில் பல பேர் முதன்முதலாக ஓவியர் பெயர் என்று ஒன்றைத் தெரிந்துகொண்டோம்.

மனோகர் தேவதாஸ் இப்போது இல்லை. 1936-ல் பிறந்து மதுரையில் வளர்ந்தவர். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி அணைந்துபோகிற விழித்திரை நோய் அவருக்கு. 1972-ல் ஒரு கார் விபத்தில் மனைவி மகிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே செயல் இல்லாமல் போனது. இந்த இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் சக்திவாய்ந்த லென்ஸை வைத்துக்கொண்டு, மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் பேனாவும் மையுமாக அணு அணுவாக வரைந்தார். மகிமா அதற்கான விளக்கம் எழுதினார். அதை வாழ்த்து அட்டைகளாக அச்சடித்து, வந்த பணத்தைத் தர்ம காரியத்துக்குக் கொடுத்தார்கள். மகிமா 2008-ல் மறைந்தார். 2020-ல் பத்மஸ்ரீ வாங்கிய மனோகர், 2022 டிசம்பரில் மறைந்தார். கண் போய்க்கொண்டிருந்த ஒருவர் நமக்காகப் பார்த்து வைத்த மதுரை அது. அதை அனுப்பும்போது அவர் பெயரை வெட்டிவிட்டு அனுப்ப உங்களுக்கு மனசு வருமா?

அடுத்த தலைமுறைக்கு வருகிறேன். ஜவஹர்லால்புரம். மதுரைக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே மீன் விற்கிற ஓர் அம்மாவின் பிள்ளை எம்.பழனிகுமார். கடன் வாங்கிக் கேமரா வாங்கி, அம்மா மார்க்கெட்டில் மீன் எடுப்பதையும் கூடையோடு அலைவதையும் படம் பிடித்தார். மலக்குழியில் இறங்குகிறவர்களைப் பற்றி 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பத்திரிகையாளர் சாய்நாத் 2014-ல் ஆரம்பித்த 'பாரி' என்ற ஊரக இந்திய மக்கள் காப்பகம் அவர் படங்களை இணையத்தில் வெளியிட, உப்பளத்துப் பெண்களும் கடல்பாசி எடுக்கிற பெண்களும் உலகத்துக்குத் தெரிந்தார்கள். புகழ்பெற்ற புகைப்படக்காரர் தயாநிதா சிங், பாரியுடன் சேர்ந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருதை 2022-ல் முதல் ஆளாக வாங்கியவர் இவர்தான். கவனித்துப் பாருங்கள், அந்தக் காப்பகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் பெயர் இருக்கும். தமிழிலும் இருக்கும். ராணி மங்கம்மாளுக்குக் கிடைத்த இடம், மீன்காரம்மா பிள்ளைக்கும் கிடைத்துவிட்டது!

வாடிப்பட்டியில் ஜெய்சிங் நாகேஸ்வரன் என்று இன்னொரு புகைப்படக்காரர். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குத் திரும்பியவர், வெளியே போக முடியாததால் சொந்தக் குடும்பத்தைப் படம் எடுக்க ஆரம்பித்தார். ஊரில் பள்ளிக்கூடம் நடத்திய பாட்டியின் வம்சம் அது. ஒரு தலித் குடும்பம் தன்னைத் தானே எடுத்த படங்கள் வாடிப்பட்டி வீட்டு முற்றத்திலிருந்து உலகக் கண்காட்சிகளுக்குப் போயின. அவரைப் பற்றி மதுரையில் எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுப் பிள்ளை ஃபாரின் போய்விட்டு வந்தால்தானே நாம் திரும்பிப் பார்ப்போம்!

*

இப்போது ஒரு புது வில்லங்கமும் சேர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரிடம் 'மீனாட்சி கல்யாணம் வேண்டும்' என்று எழுதிக் கேட்டால் நிமிஷத்தில் ஒரு படம் கொடுக்கிறது. பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது, சமயத்தில் அம்மனுக்கு ஆறு விரல் இருப்பதைத் தவிர! அது எங்கிருந்து கற்றுக்கொண்டது? இணையத்தில் கிடக்கிற கோடிக்கணக்கான படங்களிலிருந்து. அந்தக் குவியலுக்குள் காலண்டர் சாமிகளும் சேர்ந்து கிடந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? சுவரில் பெயர் இல்லை. காலண்டரில் பெயர் இருந்தது, நகலில் தேய்ந்தது. செல்போனில் வெட்டுப்பட்டது. இனிமேல் வருகிற படத்துக்கு வெட்டுவதற்குக்கூடப் பெயர் இருக்காது.

இதற்கு நீங்களும் நானும் என்ன செய்ய முடியும்? கஷ்டமான காரியம் ஒன்றுமில்லை. ஒரு படம் பிடித்திருந்தால் அனுப்புவதற்கு முன்னால் நாலு மூலையையும் பாருங்கள். கையெழுத்து இருந்தால் படியுங்கள். இல்லையென்றால், படத்தைக் கொடுத்தே படத்தைத் தேடுகிற வசதி உங்கள் செல்போனில் இருக்கிறது. இருப்பதில் கொஞ்சம் பழைய, கொஞ்சம் பெரிய பிரதியைத் தேடிப் பிடித்தால் பெரும்பாலும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்டுபிடித்தால் ஒரு வரி சேருங்கள்: 'ஓவியம்: இன்னார்.' ஆள் இருக்கிறவராக இருந்தால் அவர் பக்கத்துக்கே போய் நாலு படம் பாருங்கள். முடிந்தால் ஒன்றை விலைக்கு வாங்குங்கள். கல்யாணத்தில் வெள்ளிக் குத்துவிளக்கு கொடுக்கிறோமே, ஒரு தடவை ஓவியம் கொடுத்துத்தான் பாருங்களேன்.

சரி, என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால், பாட்டி வீட்டை ஒழித்தபோது பழைய காலண்டர் படம் ஒன்று கிடைத்தது. மீனாட்சி கல்யாணம். ஓரமெல்லாம் நைந்திருந்தது. மதுரையில் ஒரு ஃப்ரேம் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி அளவெடுத்துவிட்டு, "அண்ணே, அடியில ஏதோ இங்கிலீஷ்ல கிறுக்கியிருக்கு. அதை வெட்டிட்டா ஃப்ரேம் கச்சிதமா உக்காரும். வெட்டிரவா?" என்றார்.

"வெட்டிருங்க தம்பி" என்றேன்.

என்ன எழுதியிருந்தது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு விரல்கடை காகிதம் சுருண்டு கீழே விழுந்ததை மட்டும் பார்த்தேன். அவ்வளவுதான். பல வருஷம் கழித்து, கொண்டைய ராஜுவைப் பற்றிப் படிக்கும்போது இணையத்தில் அதே படம் கண்ணில் பட்டது. அடியில் வெட்டுப்படாமல் அவர் கையெழுத்து! எழுந்துபோய்ச் சுவரில் இருந்த ஃப்ரேமைக் கழற்றி, பின்பக்க அட்டையில் பேனாவால் எழுதி வைத்தேன்: 'ஓவியர் சி.கொண்டைய ராஜு, கோவில்பட்டி.' வெட்டியது நான். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை சித்தப்பாவின் கஜேந்திர மோட்சம் வந்ததும், வழக்கமான கும்பிடு பொம்மைக்குப் பதிலாக ஒரு வரி அனுப்பினேன். "சித்தப்பா, இந்தக் காட்சியைக் காலண்டரில் வரைந்து பேர் வாங்கியவர் கொண்டைய ராஜு. கோவில்பட்டியில் இருந்தவர்."

ஐந்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. "அடப்பாவி, கோவில்பட்டியா! நான் அங்க மூணு வருஷம் வேலை பார்த்திருக்கேனேப்பா. எந்தத் தெரு?"

எழுத்துநிலை மண்டபத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஒருவழியாகக் கேட்டுவிட்டார் சித்தப்பா!